அணிலுக்கு மூன்று கோடு

எங்கள் வீட்டில் கரையான் வந்ததே கிடையாது. இதை ஏன் இப்போது பத்திரிகையில் போட்டு ஊரறியச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். அதற்கு முன்னால் ஒரு காது விஷயம்.

எண்பதுகளின் நடுவில், தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஸ்டார் ட்ரெக்' போட்டார்கள். அமெரிக்காவில் 1966-ல் ஆரம்பித்து 1969-ல் மூடுவிழா நடந்துவிட்ட சீரியல். மொத்தம் 79 எபிசோடு. பதினைந்து வருஷம் லேட்டாக வந்தாலும் எங்களுக்கு அது சுடச்சுட இட்லி.

திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஏழு குடித்தனத்துக்கு ஒரே டி.வி. அது வீட்டுக்காரருடையது. சாலிடேர், பிளாக் அண்ட் ஒயிட். அவர் தயவில் பெரியவர்கள் பெஞ்சிலும் நாங்கள் தரையிலும் உட்கார்ந்து விண்வெளிக்குப் போய்வருவோம். எனக்குப் பதிமூன்று வயது. அண்ணன் எஞ்சினீயரிங் முதல் வருஷம். பாட்டிக்கு எழுபத்தி மூன்று.

பாட்டிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மிஸ்டர் ஸ்பாக்கைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"அந்தக் கூர்க்காதுப் பையன்தாண்டா இதுல உருப்படி. பல்லைக் காட்டறதில்லை, கோவிச்சுக்கறதில்லை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றான். காதை மட்டும் குழந்தையிலேயே எண்ணெய் வெச்சு உருவிவிட்டிருந்தா சரியாப் போயிருக்கும். பெத்தவ கவனிக்கலை!"

ஸ்பாக்கின் அம்மா பூமிக்காரி, அப்பா வல்கன் கிரகம், காது அப்பா வழி என்றெல்லாம் அண்ணன் விளக்கினான். "அப்ப கலப்புக் கல்யாணமா? அதான் பையன் புத்திசாலி" என்று சொல்லிவிட்டு முறுக்கு சாப்பிடப் போய்விட்டாள்.

பிளாக் அண்ட் ஒயிட்டில் பார்த்ததில் ஒரு லாபம் உண்டு. அந்த சீரியலில் சிவப்புச் சட்டை போட்ட சிப்பந்தி யாராவது கிரகத்தில் இறங்கினால் உருப்படியாகத் திரும்ப மாட்டான். உலகம் பூரா ரசிகர்கள் சிரிக்கிற சமாசாரம் இது. எங்கள் டி.வி.யில் எல்லாச் சட்டையும் சாம்பல் கலர். யாருக்குச் சங்கு என்று முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு சிப்பந்திக்காகவும் நிஜமாகவே பதறினோம். கலர் டி.வி.க்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை!

ஆனால் கரெண்ட் என்று ஒன்று இருக்கிறதே. கேப்டன் கிர்க்கின் கழுத்தை ஒரு பல்லி மனிதன் நெரித்துக்கொண்டிருக்கும்போது 'டப்'. போச்சு. மறு ஒளிபரப்பு கிடையாது, வீடியோ டெக் வைத்திருக்கும் பணக்காரர் யாரும் எங்கள் சுற்றத்தில் கிடையாது. கிர்க் பிழைத்தானா இல்லையா என்று ஒரு வாரம் தவிப்போம். அடுத்த வாரம் கிர்க் வேறு ஏதோ கிரகத்தில் ஜம்மென்று வேறு யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருப்பான். எப்படிப் பிழைத்தான்? சொல்ல ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜேம்ஸ் பிளிஷ் என்கிற புண்ணியவான் எங்கள் வாழ்க்கையில் வந்தார்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததற்கு அடுத்த வருஷம். பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பழைய புத்தகக் கடை. அண்ணன் ஏதோ தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் தேடிப் போனான், நான் கூடப் போனேன். கோனார் நோட்ஸுக்கும் ஹோமியோபதி புத்தகத்துக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு புத்தகம். 'ஸ்டார் ட்ரெக் 2'. அட்டையில் மடிப்பு, உள்ளே யாரோ காப்பி கொட்டிய கறை. கடைக்காரர் ஐந்து ரூபாய் என்றார். அண்ணன் பஸ் காசையும் சேர்த்துக் கொடுத்தான். தெர்மோடைனமிக்ஸ் அந்த செமஸ்டரில் அவனைப் பழிவாங்கியது வேறு கதை.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியிலேயே இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்தபடி ஒரு மாட்டின் மேல் மோதினோம்.

பிளிஷ் சாதாரண ஆள் இல்லை. விஞ்ஞானக் கதைக்கு ஹியூகோ பரிசு வாங்கியவர். அவரிடம் டி.வி. ஸ்க்ரிப்டுகளைக் கொடுத்து ஒவ்வொரு எபிசோடையும் சிறுகதையாக எழுதச் சொன்னார்கள். 1967-ல் முதல் புத்தகம். மொத்தம் பன்னிரண்டு வந்தது. 1975-ல் அவர் இறந்துபோக, பன்னிரண்டாவதை அவர் மனைவி முடித்துக் கொடுத்தார். பல கதைகளை டி.வி.யில் பார்க்காமல் ஸ்க்ரிப்டை மட்டும் வைத்து எழுதினார் என்பதால் டி.வி.யில் ஒன்று இருக்கும், புத்தகத்தில் வேறொன்று இருக்கும். ரசிகர்கள் அதையும் பொறுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே ஒரு எபிசோடைத் தவறவிட்டால், மறுபடி போடுகிற வரைக்கும் புத்தகம்தான் கதி.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்போமே, அந்த மாதிரி. படம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதில் விழுந்ததை வைத்து சிவாஜியை நாமே நடக்க வைத்துக்கொள்வோம் இல்லையா? அதேதான்.

அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "டி.வி.யில வந்ததையே திருப்பி எழுதி விக்கறானா? சினிமாப் பாட்டுப் புஸ்தகம் மாதிரின்னு சொல்லு. இதுக்கு அஞ்சு ரூபாயா?" என்றார்.

புத்தகத்தில் எட்டுக் கதை. எட்டாவது கதைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பெயர், 'ஸ்பேஸ் ஸீட்'.

விண்வெளியில் ஒரு பழைய கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. உள்ளே பல பேர் உறைந்துபோய்த் தூங்குகிறார்கள். தலைவனை எழுப்புகிறார்கள். அவன் பெயர் கான். நம்ம ஊர் ஆள்! விஞ்ஞானிகள் சேர்ந்து உருவாக்கிய அதிமனிதன். 1992-லிருந்து 1996 வரை உலகத்தில் கால்வாசிக்கு மேல் ஆண்டு, தோற்று, ஓடிப்போனவன். டி.வி.யில் கானாக நடித்தவர் மெக்ஸிகோக்காரர் என்பது பிற்பாடு தெரிந்தது. 1986-ல் இதைப் படிக்கிற இரண்டு பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னும் ஆறே வருஷத்தில் ஓர் இந்தியன் உலகத்தை ஆளப் போகிறான்! அண்ணன் காலண்டரையே மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

எழுந்த கான் சும்மா இருக்கிறானா? கப்பலையே பிடித்துக்கொள்கிறான். கேப்டன் கிர்க் வசமாக மாட்டிக்கொள்கிறான். பக்கத்தைத் திருப்பினால்...

பின் அட்டை!

கடைசிச் சில பக்கங்களைக் காணோம். அப்பாவி ஒருவன் சுண்டல் மடித்திருக்க வேண்டும். கடைக்குத் திரும்ப ஓடினோம். "அஞ்சு ரூபாய்க்கு அவ்ளோதான் தம்பி கதை" என்றுவிட்டார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் என்னுடைய நாற்பது பக்க நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்தான். "நாமளே எழுதிடலாம்டா" என்றான். நான் சொல்லச் சொல்ல அவனும், அவன் எழுத எழுத நானுமாக ஒரு முடிவு தயாரானது. தமிழும் இங்கிலீஷும் கலந்து. பாட்டி மைதா பசை காய்ச்சிக் கொடுத்தாள். பின் அட்டைக்கு முன்னால் ஒட்டினோம். கதை முடிந்தது. எங்களுக்குத் தூக்கம் வந்தது.

* * *

1990-ல் அண்ணன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். கடிதம் வரும். ஏரோகிராமில் ஓரமெல்லாம் எழுதி, ஒட்டுகிற இடத்திலும் எழுதி, பிரிக்கும்போது நாலு வரி கிழியும். அப்பாவுக்கு இரண்டு வரி, அம்மாவுக்கு நாலு வரி, பாட்டிக்கு ஒரு வரி. மிச்சம் முழுக்க எனக்கு, அதாவது ஸ்டார் ட்ரெக்குக்கு.

அங்கே போனதும்தான் அவனுக்குத் தெரிந்தது, பிளிஷ் வெறும் ஆரம்பம் என்று. டி.வி.யில் வந்த கதையைத் திருப்பி எழுதுவது போய், வராத கதைகளையே புதிது புதிதாக நாவல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாக்கெட் புக்ஸ் கம்பெனி 1979-ல் ஆரம்பித்து வருஷா வருஷம் தள்ளியது. எழுதியவர்கள் ஏனோதானோ ஆட்களும் இல்லை. 1981-ல் 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' எழுதிய வோண்டா மெக்கின்டைர் அதற்கு முன்பே ஹியூகோ வாங்கியவர். ஜான் எம். ஃபோர்டு 1984-ல் கிளிங்கான் என்கிற வில்லன் கூட்டத்தின் வீட்டுக்குள் போய், அவர்கள் பக்கத்து நியாயத்தை ஒரு நாவலாக எழுதினார். ராவணன் வீட்டு சமையலறையிலிருந்து ராமாயணம் பார்த்த மாதிரி.

அண்ணன் எழுதினான்: 'டி.வி.யில் கப்பலைக் கிரகத்தில் இறக்கினால் செலவு என்று, ஆட்களை மட்டும் ஒளியாகக் கரைத்து அனுப்புகிற மெஷினைக் கண்டுபிடித்தார்களாம். புத்தகத்தில் அந்தக் கஷ்டம் இல்லைடா. பேனாவுக்கு செட் செலவு கிடையாது. ஒரு வரியில் மூன்று சூரியன் உதிக்கிறது.'

லைப்ரரியில் கழித்துக்கட்டும் புத்தகங்களை 25 சென்டுக்கு வாங்கி, ஊருக்கு யாராவது வந்தால் அவர்கள் பெட்டியில் திணித்துவிடுவான். சாக்லேட், சென்ட், அதன் நடுவே ஸ்பாக். ஏர்போர்ட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் என்னை முறைப்பார்கள். மெல்லமெல்ல எழுபது, எண்பது புத்தகம் சேர்ந்தது. பாட்டியின் தகரப் பெட்டி, அது நிரம்பியதும் இரண்டு அட்டைப்பெட்டி.

1992 ஜனவரியில் வந்த கடிதத்தில் இரண்டே விஷயம். ஒன்று, 'வருஷம் பிறந்துவிட்டது. கான் இன்னும் வரவில்லை. அங்கே பைகிராஃப்ட்ஸ் ரோடு பக்கம் தென்பட்டால் தகவல் சொல்லு.' இரண்டாவதுதான் முக்கியம். 'ஹிகாருடா, ஹிகாரு! படத்திலேயே சொல்லிவிட்டார்கள்!'

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கப்பலை ஓட்டுகிறவர் ஸுலு. சீரியலில் அவருக்கு முதல் பெயரே கிடையாது. வெறும் ஸுலு. 1981 நாவலில் வோண்டா மெக்கின்டைர் போகிற போக்கில் 'ஹிகாரு' என்று ஒரு பெயர் வைத்தார். கம்பெனி சட்டம் என்னவென்றால், திரையில் வருவதுதான் அதிகாரபூர்வம். புத்தகத்தில் யார் பிறந்தாலும் செத்தாலும் கணக்கில் சேர்த்தி இல்லை. ஆனால் ரசிகர்கள் பத்து வருஷம் ஹிகாரு ஹிகாரு என்றே கூப்பிட்டார்கள். 1991 டிசம்பரில் வந்த ஆறாவது சினிமாவில் ஸுலுவே தன் பெயரை ஹிகாரு ஸுலு என்று சொல்லிவிட்டார். கணக்கில் சேராத பெயர் கணக்கில் ஏறிவிட்டது! உஹுராவின் கதையும் இதேதான். 1982-ல் ஒரு புத்தகத்தில் வைத்த 'நியோட்டா' என்ற பெயர், 2009 சினிமாவில்தான் திரைக்கு வந்தது. இருபத்தேழு வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்!

கடிதத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கூர்க்காது சமாசாரம் என்றால் அவளுக்கும் பங்கு உண்டு.

"இதுக்கு இப்படிக் குதிக்கறானா? அணிலுக்கு முதுகுல மூணு கோடு எப்படி வந்தது?"

"ராமர் தடவிக் கொடுத்தார்."

"அது வால்மீகியில இல்லையாம். பார்த்தசாரதி கோயில்ல உபன்யாசத்துல சொன்னார். கம்பர்லயும் இல்லையாம். லட்சுமணன் கோடு கிழிச்சான்னு சொல்றோமே, அதுகூட வால்மீகியில கிடையாதாம். அதுக்காக அணிலை யாராவது போய் கோட்டை அழிச்சுக்கோன்னு சொன்னாங்களா?"

பாட்டி சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அன்று புரியவில்லை. ஏன், 'பொன்னியின் செல்வன்' முடிந்த பிறகும் அந்த ஆட்களை விட மனசு வராமல் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதவில்லையா? நாம் தேடித்தேடிப் படிக்கவில்லையா? பிடித்தவர்களைக் கடைசிப் பக்கத்தோடு விட்டுவிட எந்த ஊர் வாசகனுக்கும் முடிவதில்லை.

பாட்டி 1993-ல் போனாள். அண்ணனால் வர முடியவில்லை.

* * *

இப்போது கரையானுக்கு வருகிறேன்.

2012. அப்பா ஆஸ்பத்திரியில். அண்ணன் மூன்று வாரம் லீவு போட்டு வந்து கூடவே இருந்தான். அப்பா தேறினார். அண்ணன் ப்ளேன் ஏறினான். நாலாம் நாள் அப்பா போய்விட்டார்.

திரும்ப உடனே கிளம்ப அவனுக்கு லீவு இல்லை. என்ன செய்வான்? ஸ்கைப்பில் வந்தான். கூடத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். எண்டர்பிரைஸ் கப்பலில் பெரிய திரையில் வேற்றுக்கிரகத்து ஆசாமி வந்து பேசுவானே, அந்த மாதிரி என் அண்ணன் வந்தான். அவர்களுக்கு ஒரு தடவைகூட நெட் கட்டானதில்லை. எங்களுக்கு ஆனது. வாய் பாதி திறந்தபடி அவன் முகம் திரையில் உறைந்து நிற்க, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன், அண்ணன் மேல் என்று. எல்லாவற்றையும் தனியாகச் செய்தேனே என்ற கோபம். ஆஸ்பத்திரி பில், ஐயர், சாப்பாடு, சர்ட்டிஃபிகேட், க்யூ, எல்லாம் நான். அவன் மட்டும் திரையில்.

இரண்டு மாதத்தில் அம்மாவை எங்களோடு அழைத்துக்கொண்டு, அந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டியும் அட்டைப்பெட்டிகளும். வாசலில் பழைய பேப்பர்காரர்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. தூக்கிப் போட்டேன். கிலோ எட்டு ரூபாய். முப்பத்தியொரு கிலோ. ரூ.248. இருநூற்றைம்பதாக ரவுண்டு பண்ணச் சொன்னேன், அவர் மாட்டேன் என்றுவிட்டார். 'ஸ்டார் ட்ரெக் 2'-ம் அதில்தான் இருந்தது. எங்கள் முடிவும். பாட்டியின் பசையும்.

அன்று ராத்திரி அண்ணன் போனில் கேட்டான், "என் புஸ்தகமெல்லாம் பத்திரமா இருக்காடா?"

"கரையான் அரிச்சுடுத்துண்ணா. ஒண்ணும் தேறலை" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி" என்றான். போனை வைத்துவிட்டான்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதன்பிறகு அம்மாவுடன் பேசுவான். "தம்பி நல்லாயிருக்கானா?" என்பான். அம்மா "நல்லாயிருக்கான்" என்பாள். நான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். தீபாவளிக்கு 'ஹேப்பி தீபாவளி', பொங்கலுக்குக் கரும்புப் படம். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

கான் கதைக்கு 1982-ல் ஒரு சினிமா எடுத்தார்கள். கிர்க் அவனை ஜெயிலில் போடாமல் ஆளில்லாத ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டுப் போயிருப்பான், பிழைத்துக்கொள் என்று. பதினைந்து வருஷம் கழித்து கான் கொலைவெறியோடு திரும்பி வருவான். இறக்கிவிட்டதற்கு அவ்வளவு கோபம் இல்லை. அதன்பிறகு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் கோபம். அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். யாரைப் பற்றிய படம் என்றுதான் தெரியாமல் இருந்தது.

* * *

புத்தகங்களை விற்றவன் சும்மா இருந்தேனா? இல்லை. திருட்டுத்தனமாக மறுபடி வாங்க ஆரம்பித்தேன். ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஆபீஸ் அட்ரஸுக்கு வரவழைப்பேன். மனைவிக்குத் தெரிந்தால் "எடைக்குப் போட்டதைத் திரும்ப விலைக்கு வாங்கறீங்களா?" என்பாள். தெரிந்தது. அதையேதான் சொன்னாள்.

கிரெக் காக்ஸ் என்பவர் கானின் இளமைக் கதையை 2001, 2002-ல் இரண்டு பாகமாக எழுதியிருக்கிறார். தொண்ணூறுகள் வந்து போய்விட்டன, உலக யுத்தம் எதுவும் நடக்கவில்லையே, என்ன செய்வது? நடந்தது, ஆனால் ரகசியமாக நடந்தது, நாம் பேப்பரில் படித்த நிஜச் சம்பவங்களுக்குப் பின்னால் ஒளிந்து நடந்தது என்று சமாளித்திருக்கிறார். ராஜஸ்தான் பாலைவனம்கூட வருகிறது. படித்து முடித்ததும் கை தானாக போனை எடுத்தது. 'கான் வந்துட்டுப் போயிட்டாண்ணா, நமக்குத்தான் தெரியலை' என்று சொல்ல வேண்டும். நம்பர் வரை போனேன். வைத்துவிட்டேன்.

பிறகு 2021 வந்தது.

டி.வி. சீரியல்கள் ஒவ்வொன்றாக முடிந்த பிறகு, 2001-லிருந்து நாவலாசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து கதையைத் தொடர்ந்து நகர்த்திவந்தார்கள். ஒருவர் நாவலில் கல்யாணம், இன்னொருவர் நாவலில் குழந்தை. டி.வி. கைவிட்ட குடும்பத்தை இருபது வருஷம் புத்தகங்கள்தான் வளர்த்தன. 2020-ல் 'பிக்கார்ட்' என்று புது சீரியல் வந்தது. அதில் கதை வேறு மாதிரி. அந்தக் கல்யாணம் கிடையாது, அந்தக் குழந்தை கிடையாது. அதிகாரபூர்வம் வந்தால் அணில் விலக வேண்டியதுதானே.

சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மூன்று எழுத்தாளர்கள், டேடன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக், 'கோடா' என்று மூன்று நாவல் எழுதி அந்த உலகத்துக்கு முறையாக விடை கொடுத்தார்கள். 2021 செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மற்ற உலகங்கள் பிழைக்க வேண்டும் என்றால் தங்கள் உலகமே இல்லாமல் போக வேண்டும் என்று அந்தக் கதாபாத்திரங்களுக்குத் தெரிகிறது. தெரிந்தே செய்கிறார்கள்.

கடைசி நாவலை முடித்தபோது விடிகாலை மூன்றரை. தேம்பித்தேம்பி அழுதிருக்கிறேன் போல. மனைவி எழுந்துவிட்டாள்.

"என்னங்க? யாருக்கு என்ன?"

"எல்லாரும் போயிட்டாங்க."

"யாரு?"

"பிக்கார்ட்... ரைக்கர்... எல்லாரும்..."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "உங்க ஆபீஸா?" என்றாள். விளக்கினேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள், "இதுக்கு என்கிட்ட அழுது பிரயோஜனமில்லை. உங்க அண்ணனுக்குப் போன் பண்ணுங்க. அவருக்கு இப்ப சாயந்திரம்தான்."

வாஸ்தவம். சாவு என்றால் துக்கம் விசாரிக்க ஆள் வேண்டும். இந்தச் சாவுக்கு என்னிடம் துக்கம் விசாரிக்கக்கூடியவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். மாடிக்குப் போய் நம்பரைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அம்மாவுக்கு என்னடா?" குரல் நடுங்கியது. மூன்றரை மணிக்குப் போன் வந்தால் வேறென்ன நினைப்பான்?

"அம்மா தூங்கறாங்க. அண்ணா... கோடா படிச்சு முடிச்சேன்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "நான் போன வாரம் முடிச்சேன்டா. இங்க யார்கிட்ட சொல்றது? உங்க அண்ணிகிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டுமான்னு கேட்டா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன்.

"கரையான் வரலைண்ணா."

"..."

"எடைக்குப் போட்டுட்டேன். கோபத்துல. நம்ம ஸ்டார் ட்ரெக் டூவையும் சேர்த்து. எட்டு ரூபாய் கிலோ."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"கரையான் புஸ்தகத்தை அரிச்சா அட்டைப்பெட்டியை விடுமா? வீடு காலி பண்ற போட்டோவை அம்மா அனுப்பினாங்க. மாடிப்படிக்குக் கீழ பெட்டியெல்லாம் புத்தம் புதுசா நிக்குது. நீ எப்ப சொல்வேன்னு பார்த்துட்டிருந்தேன்."

"ஒன்பது வருஷமா?"

"நீயும்தான் கேக்கலை, ஏன் பேசறதில்லைன்னு."

அப்பாவைப் பற்றி அவன்தான் முதலில் பேசினான். அன்று நெட் கட்டான பிறகு திரையில் நாங்கள் உறைந்து நின்றோமாம். அப்பா தூக்கின பாதியில் அப்படியே. "அந்தப் படத்தை மூடவே எனக்குக் கை வரலைடா. ராத்திரி பூரா லேப்டாப்பை ஆஃப் பண்ணலை" என்றான். அவன் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

விடிந்துவிட்டது. பால்காரர் வந்துவிட்டார். பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும்? கானிடம்தான்.

"நம்ம முடிவு ஞாபகமிருக்காடா?"

"மறக்குமா? கானை ரேஷன் கடை க்யூவில நிக்க வெச்சோம். நாலு மணி நேரம் நின்னு அவன் முறை வரும்போது 'பாமாயில் ஸ்டாக் இல்லை'ன்னு போர்டு மாட்டிடுவாங்க. அதிமனிதன் மனசு உடைஞ்சு சரண்டர் ஆயிடுவான்."

"என்னடா உளர்றே? ரேஷன் கடையா? பாட்டிடா! கான் நம்ம வீட்டுக்கு வரான். பாட்டி தயிர் சாதம் பிசைஞ்சு கையில போடறா. சாப்பிட்டுட்டே அழுதுடறான். அவன் தூங்கி எழுந்திருக்கறதுக்குள்ள இருநூறு வருஷம் ஆயிடுத்து, வீட்டுல யாருமே இல்லை. நான்தான்டா எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

"நான்தானே சொல்லச் சொல்ல எழுதினே?"

"பாட்டிதான்!"

"ரேஷன்தான்!"

முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். ஒன்பது வருஷத்தில் போடாத சண்டை. சாட்சிக்குப் புத்தகம் கிடையாது. அதை விற்ற மகானுபாவனே நான்தான். "சரி, எது அதிகாரபூர்வம்?" என்று கேட்டேன். "ரெண்டும்தாண்டா. அணிலுக்கு ரெண்டு கோடு போட்டுட்டோம்னு வெச்சுக்கோ" என்றான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. 'ஸ்டார் ட்ரெக் 2'. பழைய புத்தகம், ஆனால் முழுப் புத்தகம். தொலைந்த கடைசிப் பக்கங்கள் அத்தனையும் இருந்தன. அதற்கும் பின் அட்டைக்கும் நடுவே, அவன் கையெழுத்தில் நான்கு தாள் ஒட்டியிருந்தது. பாட்டி, தயிர் சாதம், கானின் கண்ணீர். மேலே க்ளிப்பில் ஒரு சீட்டு: 'உன் ரேஷன் கடையை இதற்கு அடுத்து ஒட்டிக்கொள்.'

எழுதினேன். ஃபெவிகால் வேண்டாம் என்று, அடுப்பில் மைதா பசை காய்ச்சினேன். "என்னங்க சமையல்?" என்று எட்டிப் பார்த்த மனைவி, பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

பிளிஷ் எழுதிய நிஜ முடிவைப் படித்தீர்களா என்று கேட்பீர்கள். படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தயிர் சாதம் இல்லை.

புத்தகம் இப்போது பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நாலு பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது பாருங்கள். நிஜமாகவே கரையான் வந்துவிட்டால், இனிமேல் நான் சொன்னால் என் அண்ணன் நம்ப மாட்டான்!